லாக்கில் மாறுகிறது, திரையில் மாறவில்லை

இராயக்கோட்டையில் தக்காளி மண்டி நடத்தும் தம் மாமாவுக்காக ஆண்ட்ராய்டு திரைகளை எழுதும் கருவியான ஜெட்பேக் கம்போஸில் ஒரு வரவுச் செயலி எழுதிவரும் தம்பி ஒருவர், நான்கு குறைகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். விவசாயி இறக்கிய கிரேடுகளின் (பெட்டிகளின்) எண்ணிக்கையைத் திருத்திச் 'சேமி' பட்டனை அழுத்தினால் லாக்கில், அதாவது செயலி உள்ளே எழுதும் குறிப்பில், புதிய எண் வருகிறது, திரையில் பழைய எண்ணே நிற்கிறது. போனைக் குறுக்காகத் திருப்பினால் சரியாகிவிடுகிறது. யாரோ சொன்னபடி பட்டியலை நகலெடுத்துப் போட்ட பிறகு, புதிய வரவைச் சேர்த்தால் உடனே தெரிகிறது, ஆனால் இருக்கும் வரவைத் திருத்தினால் இன்னும் தெரியவில்லை. அடியில் உள்ள மொத்தத் தொகை முதலில் காட்டியதிலேயே நின்றுவிடுகிறது. செயலி எழுதும் மொழியான கோட்லினின் பதிப்பை உயர்த்திய பிறகு நிலைமை மேலும் கெட்டிருக்கிறது: முன்பு தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினாலாவது பட்டியல் சரியாகும், இப்போது அதுவும் நடப்பதில்லை. "கம்போஸில்தான் பிழை இருக்கிறதா அண்ணா?" என்று முடித்திருக்கிறார்.

இல்லை, தம்பி. கம்போஸ் தனக்குத் தெரிவிக்கப்பட்டதைச் சரியாகவே செய்கிறது. மாற்றம் நடந்த செய்திதான் அதற்குப் போய்ச் சேரவில்லை. நீங்கள் எழுதிய நான்கும் வெவ்வேறு பிழைகள் போலத் தோன்றினாலும், அந்தச் செய்தி போகும் ஒரே வழியில் வெவ்வேறு இடங்களில் விழுந்த அறுப்புகள்தான். அந்த வழியை ஒரு முறை தெளிவாகப் புரிந்துகொண்டால், இனி இப்படி ஒன்று வரும்போது எங்கே அறுந்தது என்று பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கம்போஸுக்கு முன்பிருந்த முறையில், எண்ணைக் காட்டும் டெக்ஸ்ட்வியூவைத் தேடிப் பிடித்து, அதில் புதிய எண்ணை நாமே எழுதினோம். எழுத மறந்தால் திரை மாறாது. அந்தப் பிழை கண்ணுக்கு நேராகத் தெரியும். கம்போஸ் போன்ற டிக்ளரேட்டிவ் முறையில் நாம் திரையைத் தொடுவதே இல்லை. ஸ்டேட், அதாவது செயலி வைத்திருக்கும் அப்போதைய மதிப்பு, இப்படி இருந்தால் திரை இப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி வைக்கிறோம். திரையின் ஒரு பகுதியை விவரிக்கும் பங்க்ஷனான கம்போசபிள் ஓடும்போது அது எந்தெந்த ஸ்டேட்டைப் படித்தது என்பதைக் கம்போஸ் குறித்துக்கொள்கிறது. பின்னர் அந்த ஸ்டேட்டில் வேறொரு மதிப்பு எழுதப்பட்டால், அதைப் படித்த பகுதிகளை மட்டும் அடுத்த ஃப்ரேமில் மறுபடி ஓட்டுகிறது. இதைத்தான் ரீகம்போசிஷன் என்கிறோம். ஆகவே திரை மாற வேண்டுமானால், மாற்றம் கம்போஸ் கவனிக்கும் ஒரு கொள்கலத்தில் எழுதப்பட வேண்டும். எழுதப்பட்ட மதிப்பு முன்பிருந்ததிலிருந்து வேறுபட வேண்டும். காட்டும் இடம் அந்த மதிப்பை உண்மையிலேயே அங்கிருந்து படிக்க வேண்டும். இந்த மூன்றில் எது தவறினாலும், எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் திரை அப்படியே நிற்கும்.

உங்கள் மண்டியையே எடுத்துக்கொள்வோம். வாசலில் பலகை எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். உள்ளிருந்து வரும் துண்டுச் சீட்டைப் பார்த்து அவர் எழுத வேண்டும். புதுச் சீட்டு வந்தால், கையில் இருக்கும் பழைய சீட்டோடு ஒப்பிட்டு, எண் வேறாக இருந்தால் பலகையை அழித்து எழுதுவார். ஒன்றாக இருந்தால் வீணாக அழிக்க மாட்டார். இப்போது உள்ளிருப்பவர் புதுச் சீட்டு எழுதாமல், பலகைக்காரர் கையில் இருக்கும் பழைய சீட்டிலேயே 12 என்பதை அடித்து 15 என்று திருத்திவிட்டு, பிறகு 15 என்று ஒரு புதுச் சீட்டையும் அனுப்பினால் என்ன ஆகும்? கையிலும் 15, வந்ததிலும் 15. மாற்றம் ஒன்றும் இல்லை என்று அவர் பேசாமல் இருப்பார். பலகையில் 12 என்றே இருக்கும். உங்களைத் திணறடித்த இரண்டாவது குறை, எழுத்துக்கு எழுத்து இதுதான்.

அதற்குள் போகுமுன், நீங்களே தந்திருக்கும் ஒரு நல்ல துப்பைச் சொல்ல வேண்டும்: போனைத் திருப்பினால் சரியாகிறது என்பது. பலர் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. எனக்கோ முதலில் கேட்கத் தோன்றும் கேள்வியே இதுதான். போனைத் திருப்பும்போது வழக்கமாக ஆக்டிவிட்டி (திரையைத் தாங்கும் பகுதி) அழிந்து மறுபடி உருவாகிறது, தரவை வைத்திருக்கும் வியூமாடல் மட்டும் உயிரோடு இருக்கிறது. திரை முழுவதும் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து மீண்டும் வரையப்படுவதால், வியூமாடலில் அப்போது என்ன இருக்கிறதோ அது வந்துவிடும். எனவே திருப்பினால் சரியாகிறது என்றால், தரவு சரி, செய்தி போகும் வழியில்தான் அறுப்பு. திருப்பியும் சரியாகவில்லை என்றால், பெரும்பாலும் அந்தத் திரை படிக்கும் இடத்துக்கு மாற்றமே வந்து சேரவில்லை. ரிமெம்பர்சேவபிளில் பழைய மதிப்பைப் பிடித்து வைத்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனெனில் அது திருப்பலையும் தாண்டிப் பழையதையே மீட்டுத் தரும்.

இனி முதல் குறை. உங்கள் வியூமாடலில், மாற்றத்தைத் திரைக்குச் சொல்லும் கொள்கலமான மியூட்டபிள்ஸ்டேட்ஃப்ளோவுக்குள் (சுருக்கமாக ஃப்ளோ), இருந்த இடத்திலேயே திருத்தக்கூடிய ஒரு மியூட்டபிள்லிஸ்ட் இருந்தது. வரவைச் சேர்த்தாலும் திருத்தினாலும் அந்த லிஸ்டிலேயே செய்து, அதே லிஸ்டை மறுபடியும் ஃப்ளோவின் வேல்யூவில் வைத்தீர்கள். ஸ்டேட்ஃப்ளோ எந்தப் புதிய மதிப்பையும் ஏற்கும் முன் பழையதோடு ஈக்வல்ஸ் கொண்டு ஒப்பிடும். சமமென்றால் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்கும் சொல்லாது. நீங்கள் வைத்தது அதே ஆப்ஜெக்ட் என்பதால் அது தனக்குத்தானே சமம். ஸ்டேட்ஃப்ளோவுக்குப் பதிலாகக் கம்போஸின் சொந்தக் கொள்கலமான மியூட்டபிள்ஸ்டேட்ஆஃப் பயன்படுத்தியிருந்தாலும் இதே கதைதான், அதுவும் இயல்பாக ஈக்வல்ஸ் வழியேதான் ஒப்பிடுகிறது. நகலெடுத்துப் போட்டதும் சேர்ப்பது வேலை செய்யத் தொடங்கியதன் காரணம், பழைய பட்டியலில் எட்டு வரிசை, புதியதில் ஒன்பது வரிசை என்ற வேறுபாடு ஒப்பீட்டில் தெரிந்ததுதான்.

இரண்டாவதில் தங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அனுபவமுள்ளவர்களே இதில் அரை நாளைத் தொலைத்துவிடுகிறார்கள். உங்கள் வரவு என்ற டேட்டா கிளாஸில் (ஒரு வரவின் விவரங்களைத் தாங்கும் வகை) கிரேடு எண்ணிக்கை வார் (var, பின்னர் மாற்றக்கூடியது) என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. திருத்தும்போது நீங்கள் செய்வது மூன்று வரிகள்: பட்டியலை டூமியூட்டபிள்லிஸ்ட் மூலம் நகலெடுக்கிறீர்கள், நகலில் ஏழாம் எண் வரவைத் தேடி அதன் எண்ணிக்கையை 12 என்பதிலிருந்து 15 ஆக்குகிறீர்கள், நகலை ஃப்ளோவில் வைக்கிறீர்கள். பட்டியல் புதிதுதான். ஆனால் அந்த நகல் வரவுகளை நகலெடுக்கவில்லை, வரவுகளைச் சுட்டும் ரெஃபரன்ஸ்களை மட்டுமே நகலெடுத்தது. பழைய பட்டியலின் ஏழாம் வரவும் புதிய பட்டியலின் ஏழாம் வரவும் நினைவகத்தில் இருக்கும் ஒரே ஆப்ஜெக்ட். அதை 15 ஆக்கிய கணத்தில் பழைய பட்டியலும் 15 என்றே சொல்லத் தொடங்கிவிட்டது. பிறகு ஃப்ளோ இரண்டு பட்டியல்களையும் உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடும்போது எல்லாம் சமமாக இருக்கிறது, எனவே யாருக்கும் செய்தி போகவில்லை. முன்பு 12 இருந்தது என்பதற்கான சாட்சியையே நீங்கள் அழித்துவிட்டீர்கள். சாட்சி இல்லாமல் எந்த ஒப்பீடும் வேறுபாட்டைக் காண முடியாது. லாக்கில் 15 வருகிறது என்று நீங்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் அதே கணத்தில் பழைய பட்டியலையும் லாக்கில் எழுதியிருந்தால் அதிலும் 15 என்றே வந்திருக்கும், அங்கேயே விஷயம் விளங்கியிருக்கும்.

திருத்தம் சிறியது. டேட்டா கிளாஸில் உள்ள ஒவ்வொரு வாரையும் வால் (val, மாற்ற முடியாதது) ஆக்குங்கள். உடனே திருத்தும் வரி கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். அதுதான் நமக்கு வேண்டும், ஏனென்றால் இதே தவறு செயலியில் வேறெங்கெல்லாம் இருக்கிறது என்று கம்பைலரே வரிசையாகக் காட்டிக்கொடுக்கும். பிறகு பட்டியலை மேப் செய்து, ஐடி ஏழாக இருக்கும் வரவுக்கு மட்டும் காப்பி மூலம் புதிய எண்ணிக்கையோடு ஒரு புதிய வரவை உருவாக்கித் தாருங்கள், மற்ற வரவுகளை உள்ளபடியே விடுங்கள். வேல்யூவில் நேரடியாக எழுதாமல் ஃப்ளோவின் அப்டேட் என்ற பங்க்ஷனுக்குள் இதைச் செய்யுங்கள். தராசிலிருந்து வரும் எடையும் கையால் அடிக்கும் திருத்தமும் ஒரே நேரத்தில் வந்தால், ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். ஃப்ளோவின் வகையையும் மியூட்டபிள்லிஸ்ட் என்பதிலிருந்து லிஸ்ட் என்று மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பட்டியலையே புதிதாகக் கட்டினால் மலிவு விலை போன் திணறாதா என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. திணறாது. நகலெடுக்கப்படுவது ரெஃபரன்ஸ்கள்தான், ஆண்ட்ராய்டில் ஒரு ரெஃபரன்ஸுக்கு 4 பைட் என்று வைத்தால், ஆயிரம் வரவு உள்ள பட்டியலுக்குக்கூடச் சுமார் 4 கிலோபைட்தான் ஆகும். ஒரு நாள் மண்டி வரவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மாறாத வரவுகள் அதே ஆப்ஜெக்ட்களாகவே நீடிப்பதால், அவற்றின் வரிசைகளைக் கம்போஸ் மறுபடி ஓட்டாமல் தாண்டிவிடும். பின்னணித் திரெட் ஒன்று லிஸ்டைத் திருத்திக்கொண்டிருக்கும்போது திரை அதே லிஸ்டில் நடந்துகொண்டிருந்தால் வரும் கன்கரன்ட்மாடிஃபிகேஷன்எக்ஸெப்ஷனும் இதோடு ஒழிந்துவிடும்.

மியூட்டபிள்ஸ்டேட்லிஸ்ட்ஆஃப் பயன்படுத்தினால் போதாதா என்றும் சிலர் சொல்வார்கள். அது நல்ல கருவி. அதில் சேர்ப்பது, நீக்குவது, ஓர் இடத்தில் வேறு வரவை வைப்பது ஆகிய எல்லாவற்றையும் கம்போஸ் கவனிக்கும். ஆனால் அது கவனிப்பது பட்டியலின் இடங்களை மட்டும்தான், அந்த இடத்தில் இருக்கும் வரவின் உள்ளுறுப்புகளை அல்ல. உள்ளே வார் வைத்துக்கொண்டு ஏழாவது வரவின் எண்ணிக்கையை நேரடியாக மாற்றினால் அதிலும் திரை மாறாது. அந்த இடத்தில் காப்பி செய்த புதிய வரவைத்தான் வைக்க வேண்டும். ஆகவே வாரை வாலாக்கும் வேலையிலிருந்து அது உங்களை விடுவிக்காது.

கோட்லினை உயர்த்திய பிறகு ஏன் மோசமானது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. கம்போஸ் ஒரு கம்போசபிளை மறுபடி ஓட்டாமல் தாண்டலாமா என்று முடிவு செய்ய, அதற்கு வரும் பராமீட்டர்கள் மாறினவா என்று பார்க்கும். முன்பு லிஸ்ட், வார் உள்ள கிளாஸ் போன்றவற்றை நம்பகமற்ற வகை என்று கருதி, அவை வரும் கம்போசபிள்களைத் தாண்டாமல், மேலே இருப்பது ஓடும்போதெல்லாம் இவற்றையும் ஓட்டியது. கோட்லின் 2.0.20 முதல் ஸ்ட்ராங் ஸ்கிப்பிங் என்ற முறை இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. இதில் அத்தகைய பராமீட்டர்களையும் அதே ஆப்ஜெக்டா என்று பார்த்து, அதே ஆப்ஜெக்ட் என்றால் தாண்டிவிடும். உங்கள் செயலியில் தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டியதும் மேலுள்ள திரை ஓடியது, அதன் உபயத்தில் கீழுள்ள வரிசைகளும் ஓடின, உள்ளே திருட்டுத்தனமாக மாறியிருந்த எண் வெளியே வந்தது. அது தற்செயலாகக் கிடைத்த உதவி. இப்போது அதே ஆப்ஜெக்ட்தானே என்று வரிசைகள் தாண்டப்படுகின்றன. இந்த முறையை அணைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். தயவு செய்து அணைக்காதீர்கள். மேம்பாடு உங்கள் செயலியைக் கெடுக்கவில்லை, முன்பே இருந்த பிழையை மூடியிருந்த துணியை விலக்கியிருக்கிறது.

மொத்தத் தொகை வேறு இடத்தில் அறுந்திருக்கிறது. அங்கே பட்டியல் சரியாகவே வந்து சேர்கிறது; ஆனால் கூட்டலை ரிமெம்பர் என்பதற்குள் எந்தக் கீயும் (எது மாறினால் மறுபடி கணக்கிட வேண்டும் என்ற குறிப்பு) இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். ரிமெம்பர் என்றால் முதல் முறை கணக்கிட்டதை நினைவில் வைத்து, அடுத்த ஒவ்வொரு முறையும் கணக்கிடாமல் அதையே தா என்று பொருள். பட்டியல் மாறினால் மறந்துவிட வேண்டும் என்று நீங்கள் சொல்லாதபோது அது ஏன் மறக்க வேண்டும்? ரிமெம்பருக்குக் கீயாகப் பட்டியலைக் கொடுத்தால் முடிந்தது. உண்மையில், நூறு வரவைக் கூட்டுவதற்கு ரிமெம்பரே தேவையில்லை. வியூமாடலிலேயே கூட்டி, பட்டியலும் மொத்தமும் ஒரே ஆப்ஜெக்டில் திரைக்கு வருவது இன்னும் நல்லது, பட்டியல் ஒரு கணக்கும் அடிவரி வேறொரு கணக்கும் சொல்லும் நிலை அப்போது வரவே வராது. வேறு ஸ்டேட்டிலிருந்து கணக்கிடும் டிரைவ்டுஸ்டேட்ஆஃப் போட்டும் மாறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது தனக்குள் படிக்கப்படும் ஸ்டேட்டை மட்டுமே கவனிக்கும். நீங்கள் உள்ளே பயன்படுத்தியது பராமீட்டராக வந்த சாதாரண லிஸ்ட், ஸ்டேட் அல்ல. முதல் முறை வந்த லிஸ்டையே அது இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

திருத்தும் பெட்டியிலும் இதே பொறி உண்டு என்பதை நீங்கள் கேட்காமலேயே சொல்கிறேன். வரிசைக்குள் எண்ணை மாற்றுவதற்கான டெக்ஸ்ட்ஃபீல்டுக்கு, வரவில் இருக்கும் எண்ணைத் தொடக்க மதிப்பாகக் கொடுத்து ரிமெம்பருக்குள் ஒரு ஸ்டேட் வைத்திருப்பீர்கள். அது தொடக்க மதிப்பு மட்டும்தான். வரவு பின்னர் வேறு வழியாக மாறினாலும் பெட்டி பழையதையே காட்டும். வரவின் ஐடியையும் அதன் எண்ணிக்கையையும் ரிமெம்பருக்குக் கீயாகக் கொடுங்கள். உருளும் பட்டியலைக் காட்டும் லேஸிகாலம் (LazyColumn) என்பதில் ஒவ்வொரு வரவுக்கும் அடையாளமாகக் கீ கொடுப்பதும் அவசியம். கொடுக்காவிட்டால் வரிசையின் அடையாளம் அதன் இடம்தான். மூன்றாவது வரவை நீக்கினால், அதன் பெட்டியில் அடித்து வைத்த எண் அடுத்த விவசாயியின் பெயருக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடும். மண்டிக் கணக்கில் இதைவிடக் கெடுதலான பிழை எனக்குத் தெரியவில்லை. வரிசை எண்ணையே கீயாகக் கொடுப்பதும் பயனற்றது; டேட்டாபேஸ் தரும் ஐடியைக் கொடுங்கள், ஒரே கீ இரண்டு வரவுக்கு வந்தால் செயலி நின்றுவிடும் என்பதால் அது தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இன்னும் வராத, ஆனால் நிச்சயம் வரப்போகிற ஒன்று: வரவைப் பதிவு செய்யும் பக்கத்தையும் பட்டியல் பக்கத்தையும் நேவிகேஷனில் பிரிக்கும்போது, இரண்டு பக்கங்களிலும் வியூமாடல் என்று கேட்டு வாங்கினால், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி வியூமாடல் கிடைக்கும். ஒன்றில் எழுதுவீர்கள், மற்றொன்றில் படிப்பீர்கள். நான் மேலே சொன்னபடி, இங்கே போனைத் திருப்பினாலும் சரியாகாது. இரண்டு பக்கமும் ரூம் டேட்டாபேஸ் தரும் ஃப்ளோவிலிருந்து படித்தால் இந்தச் சிக்கல் எழாது. அட்டவணை மாறியதும் ரூம் தானே புதிய விடையை அனுப்பும். ஆனால் டேட்டாபேஸைக் கேட்கும் டிஏஓ பங்க்ஷன் ஃப்ளோவைத் திருப்பித் தர வேண்டும். சஸ்பெண்ட் பங்க்ஷனாக ஒரு முறை லிஸ்டை வாங்கி வைத்தால், அது வாங்கிய நேரத்து நிழற்படமாகவே நிற்கும்.

இப்போது, அறுப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை. மனம் போனபடி லாக் போடாதீர்கள். செய்தி போகும் திசையிலேயே போடுங்கள். முதல் லாக் வியூமாடலில் எழுதும் வரிக்கு முன்னும் பின்னும்: அதில் மதிப்போடு கூட, பட்டியலின் ஐடென்டிட்டிஹாஷ்கோடையும் (ஆப்ஜெக்டின் அடையாள எண்) திருத்திய வரவின் ஐடென்டிட்டிஹாஷ்கோடையும் அச்சிடுங்கள். முன்னும் பின்னும் அதே எண் வந்தால் அது அதே ஆப்ஜெக்ட், விடை கிடைத்துவிட்டது. உங்கள் நிரலில் இதைப் போட்டால் நகலெடுத்த பட்டியலின் எண் வேறாக இருப்பதையும் வரவின் எண் மாறாமல் இருப்பதையும் பார்ப்பீர்கள். இரண்டாவது லாக், திரையில் ஃப்ளோவைக் கலெக்ட் செய்யும் வரிக்கு நேர் கீழே. முதலாவது வந்து இது வராவிட்டால், செய்தி வியூமாடலிலேயே தங்கிவிட்டது, அல்லது வேறொரு வியூமாடலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாவது, வரிசை கம்போசபிளின் உடம்பில். இரண்டாவது வந்து மூன்றாவது வரவில்லையென்றால் தாண்டப்பட்டிருக்கிறது. மூன்றும் வந்தும் எண் பழையதாக இருந்தால், ரிமெம்பரோ அதைப் போன்ற ஏதோ ஒன்றோ பழையதைப் பிடித்திருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் லேஅவுட் இன்ஸ்பெக்டரில் ஒவ்வொரு கம்போசபிளும் எத்தனை முறை ஓடியது, எத்தனை முறை தாண்டப்பட்டது என்ற இரண்டு எண்கள் வரும். மூன்றாவது லாக்குக்குப் பதிலாக அதையே பார்க்கலாம். நாமே போட்ட லாக்கில் எழுத்து ஓடுவதைவிட, சேமி பட்டனை அழுத்தும்போது எந்த எண் கூடுகிறது என்று கண்ணால் பார்ப்பது எனக்கு எப்போதும் தெளிவாக இருந்திருக்கிறது.

ஒரு குறுக்குவழியை நீங்கள் ஏற்கெனவே யோசித்திருப்பீர்கள்: ரிஃப்ரெஷ் என்று ஒரு எண்ணை ஸ்டேட்டாக வைத்து, சேமிக்கும்போதெல்லாம் ஒன்று கூட்டி, திரையை வலுக்கட்டாயமாக ஓட்டுவது. நெவர்ஈக்வல்பாலிசி என்று போட்டு ஒப்பீட்டையே நிறுத்துவதும், திரை முழுவதையும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு கீக்குள் சுற்றுவதும் இதே இனம்தான். கடைசி வழியில், அடித்துக்கொண்டிருக்கும் எழுத்தும் ஸ்குரோல் செய்த இடமும் ஒவ்வொரு முறையும் போய்விடும். முதல் வழியை நானே செய்து பட்டிருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்காய் மண்டிக்குச் செயலி எழுதியபோது, எடுத்த எடுப்பில் இந்த ரிஃப்ரெஷ் எண்ணை வைத்து வேலையை முடித்தேன். சேமி பட்டன் அந்த எண்ணைக் கூட்டியது, திரை மாறியது. சில வாரம் கழித்து, வந்த லோடோடு கூடுதல் கிரேடுகளைச் சேர்க்க வேறொரு பட்டன் வைத்தேன். அதில் கூட்ட மறந்துவிட்டேன். பெங்களூரா காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகும் நேரம் அது. எழுதுகிற பையன் 40 கிரேடைச் சேர்த்து அழுத்தியிருக்கிறான், எண் மாறவில்லை; மறுபடி அழுத்தியிருக்கிறான், மூன்றாவது முறையும் அழுத்தியிருக்கிறான். ஒவ்வொரு அழுத்தலும் உள்ளே கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. மாலையில் துண்டுச் சீட்டுகளைக் கட்டோடு எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோதுதான் 80 கிரேடு அதிகம் என்று தெரிந்தது. அந்த விவசாயி என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து இந்தக் குறுக்குவழியை நான் யாருக்கும் சொல்வதில்லை, ஏனெனில் ஒவ்வொரு புதிய பட்டனையும் எழுதும்போது ஒருவர் ஒன்றை மறக்காமல் இருப்பார் என்பதை நம்பி அது நிற்கிறது.

உங்கள் நண்பர் ஐபோனுக்கு ஸ்விஃப்ட்யுஐயில் எழுதுவதாகச் சொன்னதால் அதையும் தொட்டுவிடுகிறேன். அங்கே வரவைக் கிளாஸ் என்று வைக்காமல் ஸ்ட்ரக்ட் என்று வைத்தால், உள்ளே மாற்றினாலே மதிப்பு மாறியதாகக் கணக்காகும் என்பதால் நம் இரண்டாவது குறை பெரும்பாலும் எழாது. அங்கு அதிகம் விழும் இடம் வேறு: உள் வியூவில் ஸ்டேட் என்று அறிவித்து, அதற்கு மேல் வியூவிலிருந்து தொடக்க மதிப்பு கொடுப்பது. அந்த மதிப்பு முதல் முறை மட்டுமே எடுக்கப்படும், பிறகு மேலே மாறினாலும் உள்ளே மாறாது. மேல் மதிப்போடு இணைந்தே இருக்கும் பைண்டிங்காகவோ சாதாரண மாறிலியாகவோ அனுப்ப வேண்டும். மாற்றத்தை வியூவுக்கு அறிவிக்கும் அப்சர்வபிள்ஆப்ஜெக்டுக்குள் இன்னொரு அப்சர்வபிள்ஆப்ஜெக்ட் இருந்தால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. ஐஓஎஸ் 17 உடன் வந்த அப்சர்வபிள் மேக்ரோ இதைத் தீர்த்துவிட்டது. எந்த மாற்றத்தால் வியூ ஓடியது என்று அறிய, வியூவின் பாடியில் பிரிண்ட்சேஞ்சஸ் என்ற உள்வசதியை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளட்டரில் இனிட்ஸ்டேட்டில் நகலெடுத்து வைப்பதும், ரியாக்ட் நேட்டிவில் அதே அரேயைப் புஷ் செய்து திரும்பக் கொடுப்பதும் இவற்றின் மறுபெயர்கள்தான்.

சரி செய்த பிறகு ஒரே ஒரு யூனிட் டெஸ்ட் எழுதிவையுங்கள், இதற்குப் போனும் வேண்டாம், எமுலேட்டரும் வேண்டாம். ஃப்ளோவின் இப்போதைய பட்டியலை ஒரு மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள். ஏழாம் வரவை 12 என்பதிலிருந்து 15 ஆக்கும் பங்க்ஷனை அழையுங்கள். ஃப்ளோவில் இப்போது 15 இருக்கிறதா என்று பாருங்கள், அதோடு, பிடித்துவைத்த பட்டியலில் இன்னும் 12 இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் முதல் பாதியை மட்டும் எழுதி டெஸ்ட் தேறிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். உங்கள் இன்றைய நிரலும் முதல் பாதியில் தேறும். இரண்டாம் பாதிதான் அதைப் பிடிக்கும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் மாமாவிடம் ஒன்று கேளுங்கள்: திரை மாறாமல் நின்ற இந்த நாட்களில், யாராவது சேமி பட்டனை இரண்டு முறை அழுத்தியிருக்கிறார்களா என்று. நிரலைத் திருத்தினால் இனி வரும் எண்கள் உடனே தெரியும், ஆனால் அப்போது இரட்டையாக விழுந்த பதிவுகள் டேட்டாபேஸில் அப்படியேதான் இருக்கும், மொத்தத் தொகையும் சரி செய்யப்பட்டபின் அவற்றையும் சேர்த்தே கூட்டும். ஒரே விவசாயி, ஒரே கிரேடு எண்ணிக்கை, ஒரு நிமிட இடைவெளிக்குள் இரண்டு பதிவு என்று ஒரு கேள்வியை ரூமில் ஓட்டி, வரும் பட்டியலைத் துண்டுச் சீட்டுகளோடு வைத்துப் பாருங்கள். தானாக அழிக்கும்படி எழுதிவிடாதீர்கள்; ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை அதே அளவு இறக்குவதும் மண்டியில் நடக்கக்கூடியதுதான், எது உண்மை என்று சீட்டைப் பார்த்த மாமாதான் சொல்ல வேண்டும்.